ஆசைக்கு எத்தனை மாத வாடகை?

பெங்களூரின் ஆஸ்டின் டவுனில் எது வீடு, எது கடை என்று சட்டெனப் பிரித்துச் சொல்வது கஷ்டம். முன்னறையில் தையல் மெஷின், பின்னறையில் குடும்பம். மாடிப்படிக்குக் கீழே செல்போன் ரிப்பேர். ஜன்னல் கம்பியில் 'கேக் ஆர்டர் எடுக்கப்படும்' என்று ஓர் அட்டை. ரிச்மண்ட் டவுனின் பங்களாக்களுக்கும் நீலசந்திராவின் நெரிசலுக்கும் நடுவே, தமிழும் கன்னடமும் உருதுவும் கலந்து புழங்கும் இந்தப் பேட்டையில் சொந்தத் தொழில் என்பது புதிய சமாசாரம் அல்ல. புதிது, அதற்குச் சொல்லப்படும் காரணம்தான். முன்பு வேலை கிடைக்காதவர்கள் கடை வைத்தார்கள். இப்போது வேலையில் இருப்பவர்கள், அதை விட்டுவிட்டுக் கடை வைக்கத் துடிக்கிறார்கள். கேட்டால், "பிடித்ததைச் செய்ய வேண்டும்" என்கிறார்கள்.

இதைக் கேட்டதும் வீட்டில் கிளம்பும் கேள்வி ஒன்றுதான். "பிடிச்சதைச் செய்யி, வேணாங்கல. மாசம் பொறந்தா வீட்டுக்கு என்ன குடுப்பே?" அம்மா கேட்டாலும் மாமனார் கேட்டாலும் கேள்வி மாறுவதில்லை. மேடைப் பேச்சாளர்கள் இதற்குப் பதில் சொல்வதில்லை. "மனம் சொல்வதைக் கேள், பணம் தானே பின்னால் வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். பணம் அப்படி வந்ததா, வராமல் போனதா, வந்தால் எந்த வழியாக வந்தது என்பதற்கு பெங்களூரிலேயே ஏராளமான சாட்சியங்கள் இருக்கின்றன. அவற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், மாமனாரின் கேள்வி அவ்வளவு மோசமானதல்ல என்று தெரியும்.

பழைய ஏற்பாடு

ஆஸ்டின் டவுன் மைதானத்தில் மாலை வேளைகளில் உருளும் பந்திலிருந்தே தொடங்கலாம். கன்டோன்மென்ட் பகுதியின் தமிழ்க் குடியிருப்புகளுக்குக் கால்பந்து வெறும் விளையாட்டு அல்ல. ஒரு காலத்தில் அதுவே வேலைக்கான சிபாரிசுக் கடிதம். ஹெச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற பொதுத்துறை ஆலைகள் தங்களுக்கென்று அணிகள் வைத்திருந்தன. நன்றாக ஆடும் பையனுக்கு ஆலையில் உத்தியோகம். சம்பளம் ஆலை தரும், சந்தோஷம் மைதானம் தரும். ஹெச்.ஏ.எல். அணி தேசிய அளவிலான ஐ-லீக் போட்டி வரை போய் ஆடியது.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய வசதி இருந்தது. ஆசைக்குச் சம்பாதிக்க வேண்டிய கட்டாயமே இல்லை. கோல் விழாத வாரத்திலும் வீட்டில் அடுப்பெரிந்தது. நாடகம் போட்டவர், மிருதங்கம் வாசித்தவர், சிறுபத்திரிகை நடத்தியவர் என்று அந்தத் தலைமுறையில் எத்தனையோ பேரின் பின்னால் ஏதாவது ஓர் ஆலையோ வங்கியோ தபால் அலுவலகமோ இருந்தது.

பிறகு பெங்களூரின் ஆலைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பின்னி மில்லின் சங்கு ஓய்ந்தது. 2016-ல் எச்.எம்.டி. கைக்கடிகார ஆலையை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. நிரந்தர உத்தியோகம் அருகிப் போனபோது, ஆசைக்குப் பின்னால் நின்ற அந்தத் தூணும் நகர்ந்துவிட்டது. இன்று ஒரு இளைஞனுக்குப் பிடித்த விஷயமே அவனுக்குச் சோறும் போட வேண்டியிருக்கிறது. சிக்கல் இங்கேதான் ஆரம்பம்.

புல்லாங்குழலும் சர்க்யூட்டும்

பழைய ஏற்பாட்டிலிருந்து புதிய ஏற்பாட்டுக்குத் தாவியவர்களில் ஜி. ராஜ் நாராயண் முக்கியமானவர். ஹெச்.ஏ.எல்.லில் என்ஜினீயர், கூடவே புல்லாங்குழல் கலைஞர். கச்சேரிக்கும் சாதகத்துக்கும் தம்புரா வேண்டும். தம்புரா என்றால் மீட்ட ஓர் ஆள் வேண்டும், ஊர் விட்டு ஊர் தூக்கிப் போக வேண்டும், தட்பவெப்பம் மாறினால் சுருதி கலையும். இசைக் கலைஞர்கள் எல்லோரும் அனுபவித்துக்கொண்டிருந்த இந்தத் தொல்லையை என்ஜினீயரின் கண்ணோடு பார்த்தவர் அவர். 1979-ல் எலெக்ட்ரானிக் தம்புராவை உருவாக்கினார். அவர் நிறுவிய ராடெல், இன்று பாட்டு வாத்தியார் வீடுகளில் பரிச்சயமான பெயர். காலையில் தெருவில் நடந்தால், ஏதாவது ஒரு வீட்டிலிருந்து அந்த ரீங்காரம் கேட்காமல் போகாது.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் புல்லாங்குழல் வாசித்துப் பணம் பண்ண முயலவில்லை என்பது. வாசிப்பவர்களுக்குத் தேவைப்பட்ட ஒரு பொருளைச் செய்து விற்றார். ஆசை அவருக்குத் தந்தது வருமானம் அல்ல. வெளியாளுக்குத் தெரியாத ஒரு தகவல். தம்புராவின் தொல்லை என்னவென்று தினமும் சாதகம் செய்பவருக்குத்தான் தெரியும். ராடெல் குழுமம் பின்னர் விமானத் துறைக்கான மின்னணுச் சாதனங்களிலும் இறங்கியது. சுருதியை நம்பி மட்டும் அவர் உட்கார்ந்திருக்கவில்லை.

கிரிக்கெட் பிடிக்கும் என்பதற்காக மட்டை பிடிப்பதையே தொழிலாக்க வேண்டியதில்லை. மட்டைக்கு நரம்பு சுற்றித் தருபவர்கூட கிரிக்கெட்டில்தான் வாழ்கிறார். ஆசையின் நடுவில் உட்கார இடம் கிடைப்பது ஒரு சிலருக்கு. அதன் ஓரத்தில் கடை போட இடம் நிறையவே உண்டு.

சர்ச் தெருவின் இரண்டு கடைகள்

ஆஸ்டின் டவுனிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டரில் சர்ச் தெரு. புத்தகப் பைத்தியங்களுக்கு அது கோயில் வீதி. அந்தத் தெருவும் மியூசியம் ரோடும் சந்திக்கும் இடத்தில் 1971-ல் பிரீமியர் புக் ஷாப்பைத் தொடங்கினார் டி.எஸ். ஷான்பாக். சும்மா வந்து தொடங்கிவிடவில்லை. பம்பாயில் ஸ்ட்ராண்ட் புக் ஸ்டால் நடத்திய உறவினர் டி.என். ஷான்பாக்கிடம் வேலை பார்த்துத் தொழில் கற்றுக்கொண்ட பிறகே வந்தார். அந்த ஸ்ட்ராண்ட் கடையும் 1948-ல் ஒரு சினிமா தியேட்டருக்குள் சின்ன இடம் பிடித்து ஆரம்பித்ததுதான்.

பிரீமியருக்குள் போனவர்கள் அதன் அழகைப் பற்றிப் பேச மாட்டார்கள். பேச அங்கே அழகு எதுவும் கிடையாது. தரையிலிருந்து கூரை வரை புத்தகம். ஒருவர் நுழைந்தால் மற்றவர் ஒதுங்க வேண்டும். ஏ.சி. இல்லை, காபி இல்லை, சோபா இல்லை. எந்தப் புத்தகம் எந்த அடுக்கின் எத்தனையாவது வரிசையில் இருக்கிறது என்பது ஷான்பாக்கின் தலைக்குள் இருந்தது. கேட்காமலே தள்ளுபடி கிடைக்கும். ராமச்சந்திர குஹா போன்ற எழுத்தாளர்கள் அந்தக் கடையைப் பற்றி வாஞ்சையோடு எழுதியிருக்கிறார்கள். மிச்சப்படுத்தியதெல்லாம் கடையின் அலங்காரத்துக்குப் போகாமல் வாசகரின் பில்லில் கழிந்தது. 38 வருடம் அப்படியே ஓடியது. குத்தகை முடிந்தபோது, புதிய வாடகைக்கு வேறு இடம் தேடிப் போகாமல் 2009-ல் கடையை மூடினார். 2021 மே மாதம் அவர் காலமானபோது, மூடிப் பன்னிரண்டு வருடமான ஒரு கடைக்காக பெங்களூர் வாசகர்கள் வருந்தினார்கள்.

அதே தெருவில் இன்று பிளாசம் புக் ஹவுஸ் மாடி மாடியாக நிற்கிறது. அதைத் தொடங்கிய மாயி கவுடா என்ஜினீயரிங் படித்தவர். படிக்கும் காலத்திலேயே எம்.ஜி. ரோடு நடைபாதையில் பழைய புத்தகம் விற்றவர். நடைபாதைக்கு வாடகை இல்லை. எந்தப் புத்தகம் ஒரே நாளில் போகும், எது ஆறு மாதம் மழையில் நனையும் என்பதை அங்கே நின்று கற்றுக்கொண்ட பிறகுதான், 2000-களின் தொடக்கத்தில் சர்ச் தெருவில் ஒரு சின்னஞ்சிறு கடையைப் பிடித்தார். இடம் பெருகியது பிறகு, வாடிக்கையாளர்கள் பெருகியதன் பின்னால்.

ஒருவர் மூத்த கடையில் வேலை பார்த்துக் கற்றார், மற்றவர் பிளாட்பாரத்தில் கற்றார். இருவருமே கற்றுக்கொள்ளும் காலத்தில் பெரிய வாடகையைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. ஆசைக்கும் காசுக்கும் சண்டை என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்த இரண்டு கடைகளையும் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. சண்டை ஆசைக்கும் மாதச் செலவுக்கும்தான். விற்றாலும் விற்காவிட்டாலும் ஒன்றாம் தேதி கட்ட வேண்டிய தொகை எவ்வளவோ, அதைப் பொறுத்தே ஆசையின் ஆயுள்.

ஒரு கேக்கின் கணக்கு

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு, ஆஸ்டின் டவுன் ஜன்னலில் தொங்கும் அந்தக் கேக் அட்டையையே எடுத்துக்கொள்ளலாம். தொகைகள் கணக்குப் போட்டுப் பார்ப்பதற்காக மட்டும்.

ஒரு கிலோ கேக்கின் விலை ரூ. 800. வெண்ணெய், முட்டை, மாவு, சர்க்கரை, பழம் எல்லாம் சேர்ந்து ரூ. 350. பெட்டி, கேஸ், கொண்டுபோய்க் கொடுக்கும் செலவு ரூ. 100. கையில் நிற்பது ரூ. 350. வீட்டுக்கு மாதம் ரூ. 30,000 தேவையென்றால் 86 கேக்குகள் விற்க வேண்டும். அதாவது நாளைக்கு மூன்று. ஒரு கேக்குக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தால் தினம் ஆறு மணி நேர வேலை. வீட்டுச் சமையலறையிலேயே செய்துவிடலாம். கிறிஸ்துமஸ் மாதத்தில் இரண்டு மடங்கு, மழைக்காலத்தில் பாதி என்று போனாலும் தாங்கும்.

இப்போது அக்கம்பக்கத்தார் புகழ, சொந்தக்காரர்கள் தூண்ட, அவர் மெயின் ரோட்டில் கடை பிடிக்கிறார். வாடகை ரூ. 30,000. உதவிக்கு ஓர் ஆள், ரூ. 15,000. வீட்டுத் தேவையோடு சேர்த்தால் மாதம் ரூ. 75,000. அதே ரூ. 350 லாபத்தில் 214 கேக்குகள் விற்க வேண்டும், நாளைக்கு ஏழு. இரண்டு மணி நேரக் கணக்குப்படி தினமும் 14 மணி நேர வேலை. ஆள் பாதியை ஏற்றாலும், மீதி நேரம் கல்லாவுக்கும் சப்ளையருக்கும் போன் பேசவும் போய்விடும். பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பழைய வழக்கம். அப்படிப் பார்த்தால் கதவைத் திறக்கும் முன்பே ரூ. 3 லட்சம் முடங்கியாயிற்று. அது 857 கேக்குகளின் லாபம்.

அடுத்து நடப்பதைக் கணக்கு நோட்டில் பார்க்க முடியாது, நாக்கில்தான் தெரியும். மூன்றாவது மாதம் வெண்ணெய்க்குப் பதில் மார்ஜரின் வரும். ஐந்தாவது மாதம், முந்திரி இருந்த இடத்தில் டூட்டி ஃப்ரூட்டி. எட்டாவது மாதம், "ரெண்டு நாள் முன்னால செய்ததுதாங்க, நல்லா இருக்கும்" என்ற பொய். எந்தக் கேக்கை ஆசையாகச் செய்தாரோ, அந்தக் கேக் கடையில் இருக்காது. வாடகை வந்தவுடன் முதலில் மாற்றுவது செய்முறையைத்தான். பணம் ஆசையைக் கெடுத்துவிட்டது என்று அப்போது புலம்புவது வழக்கம். கெடுத்தது பணம் அல்ல, பணம் வரும் முன்பே ஒப்புக்கொண்ட செலவு.

கடையே கூடாது என்பதல்ல இதன் பொருள். வீட்டில் நாளைக்கு ஐந்து கேக் என்று ஆறு மாதம் தொடர்ந்து விற்று, ஆர்டரைத் திருப்பி அனுப்ப வேண்டிய நிலை வந்தபின் பிடிக்கும் கடை வேறு. ஆர்டர் வரும் என்ற நம்பிக்கையில் பிடிக்கும் கடை வேறு.

வானத்தில் ஒரு பாடம்

சின்னக் கடைக்கு மட்டும் உரிய விதி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 'சூரரைப் போற்று' படத்தை 2020-ல் பார்த்துக் கைதட்டிய தமிழர்களுக்கு, அதற்கு ஆதாரமாக இருந்த கேப்டன் ஜி.ஆர். கோபிநாத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ராணுவத்தை விட்டு வந்து, விவசாயம் செய்து, 1997-ல் ஹெலிகாப்டர் வாடகை நிறுவனம் தொடங்கி, 2003-ல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு ஏர் டெக்கானைப் பறக்கவிட்டவர். சாமானியனும் விமானத்தில் போக வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. ஒரு ரூபாய் டிக்கெட்கூட விற்றார். சிறு நகரங்களுக்கு விமானம் போயிற்று. ரயிலில் மட்டுமே போனவர்கள் முதல் தடவையாக மேகத்தைக் கீழே பார்த்தார்கள்.

படம் முடிகிற இடத்துக்குப் பிறகும் கதை இருக்கிறது. விமானக் குத்தகை, எரிபொருள், பைலட் சம்பளம் எல்லாம் டிக்கெட் விற்றாலும் விற்காவிட்டாலும் கட்ட வேண்டியவை. விமானங்களின் எண்ணிக்கை கூடக்கூட நஷ்டமும் கூடியது. 2007-ல் விஜய் மல்லையாவின் யு.பி. குழுமம் உள்ளே வந்தது. ஏர் டெக்கான் 'கிங்ஃபிஷர் ரெட்' ஆனது. குறைந்த கட்டணச் சேவையே வேண்டாம் என்று 2011-ல் கிங்ஃபிஷர் முடிவெடுத்தது. 2012-ல் கிங்ஃபிஷரும் தரையிறங்கியது.

கோபிநாத்தின் ஆசை தோற்கவில்லை. அவர் காட்டிய பாதையில் மற்ற நிறுவனங்கள் இன்று லட்சக்கணக்கானோரைச் சுமந்து செல்கின்றன. தோற்றது, அந்த ஆசையைத் தானே நடத்தும் வாய்ப்பு. மாதச் செலவு கைமீறிப் போனால், அடுத்தவரின் பணம் உள்ளே வரும். அடுத்தவரின் பணம் வந்தால், ஆசையும் அடுத்தவருடையதாகிவிடும். கேக் கடைக்கும் விமானக் கம்பெனிக்கும் பூஜ்ஜியங்களின் எண்ணிக்கைதான் வித்தியாசம்.

வரி கட்டியவருக்குக் கடன்

அப்படியானால் ரூ. 15,000-ஐ வைத்துக்கொண்டு யாரும் பெரிதாக வளரவே முடியாதா? முடியும் என்பதற்கு சாட்சி கடலூரில் இருக்கிறது. அங்கே சின்னிகிருஷ்ணன் என்பவர் மருந்துப் பொருள் வியாபாரம் செய்தார். கூலிக்காரர்களும் வாங்கும்படி எதையும் சின்னப் பொட்டலத்தில் தர வேண்டும் என்பது அவருடைய கனவு. ஐடியாக்கள் குவிந்தன, விற்பனை குவியவில்லை. அவருடைய மறைவுக்குப் பின், பிள்ளைகள் ஷாம்பூவை சாஷேயில் அடைத்து 'வெல்வெட்' என்று விற்றார்கள். சகோதரர்களோடு கருத்து வேறுபாடு ஏற்பட, சி.கே. ரங்கநாதன் ரூ. 15,000-த்தோடு வெளியேறி 1983-ல் 'சிக்' ஷாம்பூவைத் தொடங்கினார். சிக் என்பதே தந்தையின் பெயர்ச் சுருக்கம்தான். அந்தக் கம்பெனிதான் 1998-ல் கெவின்கேர் ஆனது.

எந்தக் கம்பெனியின் காலி சாஷே ஐந்து கொண்டுவந்தாலும் ஒரு சிக் இலவசம் என்று அவர் நடத்திய திட்டம் பிரபலம். அதைவிடச் சுவையானது அவருக்கு வங்கிக் கடன் கிடைத்த விதம். ஈடு வைக்கச் சொத்தில்லை. முதல் ரூ. 25,000 கடன் கிடைக்க மூன்று வருடம் ஆயிற்று. இந்தச் சிறு தொழில்காரரிடம் சொத்து எதுவும் இல்லை, ஆனால் மற்றவர்களைப் போலன்றி வருமான வரி கட்டுகிறார் என்பதையே தகுதியாக எழுதி வங்கி அதிகாரி சிபாரிசு செய்ததாக ரங்கநாதன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தந்தையிடம் இருந்தது ஆசை. மகன் அதே ஆசையோடு ஒரு கணக்குப் புத்தகத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டார்.

கணக்குப் புத்தகம் இல்லாததன் விலையை பெங்களூர் 2025 ஜூலையில் பார்த்தது. யு.பி.ஐ. மூலம் வந்த பணத்தை வைத்து, ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு வணிக வரித்துறை நோட்டீஸ் அனுப்பியது. பேக்கரிக்காரர், டீக்கடைக்காரர், பூக்காரர் என்று எல்லோர் முகத்திலும் கலக்கம். பொருள் விற்பவருக்கு வருட விற்றுமுதல் ரூ. 40 லட்சத்தையும், சேவை தருபவருக்கு ரூ. 20 லட்சத்தையும் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம் என்பது சட்டம். விற்றுமுதலுக்கும் லாபத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள், தெரிந்தும் எழுதி வைக்காதவர்கள், கடனாக வாங்கிய பணத்தையும் தம்பி அனுப்பிய பணத்தையும் அதே கணக்கில் வாங்கியவர்கள் எல்லோரும் திகைத்துப் போனார்கள். ஹாவேரியில், வரியே இல்லாத காய்கறி விற்றவருக்கும் ரூ. 29 லட்சத்துக்கு நோட்டீஸ் போயிற்று. பெங்களூர் கடைகளில் கியூ.ஆர். அட்டைகள் மறைந்து, 'கேஷ் மட்டும்' அட்டைகள் தொங்கின. பழைய பாக்கி வசூலிக்கப்படாது, ஆனால் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று முதல்வர் சித்தராமையா அறிவித்த பிறகே கொதிப்பு தணிந்தது.

அரசு அலுவலகத்தைத் திட்டுவது சுலபம். ஆனால், தொழிலுக்கு ஒரு வங்கிக் கணக்கு, வீட்டுக்கு ஒரு வங்கிக் கணக்கு என்று முதல் நாளே பிரித்து வைத்தவருக்கு அந்த ஜூலை மாதம் அவ்வளவு பயங்கரமாக இருந்திருக்காது. இந்தப் பிரிவினை வரிக்காக மட்டுமல்ல. தனக்கென்று மாதச் சம்பளம் ஒன்றை நிர்ணயித்து, தொழில் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்பவருக்குத்தான் தன் ஆசை சம்பாதிக்கிறதா, சாப்பிடுகிறதா என்று தெரியும். பலர் தங்கள் உழைப்புக்குக் கூலியே போடாமல் லாபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சின்னத் தொழிலுக்கு இன்று கிடைக்கும் உதவிகளும் கணக்கு வைப்பவருக்கே பயன்படுகின்றன. 2015-ல் வந்த முத்ரா திட்டத்தில் ஈடு இல்லாமல் கடன் கிடைக்கும். முதல் படி ரூ. 50,000 வரை. வாங்கிய கடனை ஒழுங்காக அடைத்தவருக்கு உச்சவரம்பு 2024-ல் ரூ. 20 லட்சமாக உயர்ந்தது. உத்யம் பதிவு செய்துகொண்ட சிறு உற்பத்தியாளருக்குப் பெரிய கம்பெனிகள் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ம் வருடச் சட்டம். தாமதித்தால் வட்டியும் உண்டு. பில் இல்லாமல், வாய் வார்த்தையில் சரக்கு அனுப்பியவர் எந்தச் சட்டத்தையும் துணைக்கு அழைக்க முடியாது.

விற்கக் கூடாதது

எல்லா ஆசையையும் தொழிலாக்கித்தான் தீர வேண்டுமா என்பது கடைசிக் கேள்வி. கன்டோன்மென்டின் பழைய தமிழர் ஒருவர் இதற்கு வேறொரு வழி காட்டியிருக்கிறார். ஆற்காடு நாராயணசாமி முதலியார், ஏழ்மையிலிருந்து வியாபாரத்தில் முன்னுக்கு வந்து காண்டிராக்டர் ஆனவர். இன்று கர்நாடக உயர் நீதிமன்றம் இயங்கும் செந்நிற அட்டாரா கச்சேரி, அவர் காண்டிராக்ட் எடுத்துக் கட்டியது. அவர் நெஞ்சில் இருந்தது கட்டடம் அல்ல, ஏழைப் பிள்ளைகளின் படிப்பு. காண்டிராக்டில் சம்பாதித்ததைப் பள்ளிக்கூடத்தில் போட்டார். ஆர்.பி.ஏ.என்.எம். கல்வி நிறுவனங்கள் இன்றும் நடக்கின்றன. பள்ளிக்கூடத்தையே சம்பாதிக்கச் சொல்லியிருந்தால், ஏழைப் பிள்ளைகளுக்கு அங்கே இடம் இருந்திருக்காது.

இரண்டு வழிக்கும் நடுவே சென்றவர் க்ரியா ராமகிருஷ்ணன். விளம்பரத் துறையில் இருந்தவர், 1974-ல் சென்னையில் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கினார். 1992-ல் 'தற்காலத் தமிழ் அகராதி' வெளிவந்தது. 2008-ல் விரிவாக்கிய பதிப்பு. மூன்றாம் பதிப்பு 2020-ல் வந்த சில நாளில், நவம்பர் 17-ம் தேதி கொரோனாவில் மறைந்தார். தமிழில் பதிப்பகம் நடத்தினால் எவ்வளவு வரும் என்பது ஊருக்கே தெரியும். அவர் அதைக் கூட்டுவதற்காகக் கண்டதையும் போடவில்லை. ஒரு புத்தகத்துக்கு எத்தனை வருடம் தேவையோ அத்தனை வருடம் கொடுத்தார். வளராமல் இருப்பது ஒரு தொழில்காரரின் தோல்வி என்று வணிகக் கல்லூரிகள் சொல்லலாம். அகராதியைத் திறக்கும் மாணவன் அப்படி நினைப்பதில்லை.

ஆகவே, வேலையை விடுவதற்கு முன் ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதிப் பார்க்கலாம். வீடு நடக்க மாதம் எவ்வளவு வேண்டும்? ஒரு பைசா வராவிட்டாலும் கையிருப்பில் எத்தனை மாதம் ஓடும்? எவ்வளவு நெருக்கடி வந்தாலும் தொழிலில் எதை மட்டும் மாற்ற மாட்டோம், வெண்ணெயையா, தள்ளுபடியையா, நேரம் எடுத்துச் செய்வதையா? மூன்றாவது பதில் ஆசையைப் பற்றியது. ஆனால் முதல் இரண்டும் எழுதாதவரால் மூன்றாவதைக் காப்பாற்ற முடியாது.

அந்தத் தாளை மாமனாரிடமும் காட்டலாம். பெரும்பாலான மாமனார்கள் ஆசைக்கு விரோதிகள் அல்ல. தங்கள் காலத்தில் மாதச் சம்பளத்துக்காக எதையோ மைதானத்தில் விட்டுவிட்டு வந்தவர்கள்தான் அவர்களும். "எத்தனை மாசம் தாங்கும்?" என்ற கேள்விக்கு எண்ணில் பதில் கிடைத்தால், "சரி, பார்த்துச் செய்யி" என்று சொல்வதற்கு அவர்களுக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.